மதுரைக்குப் போய் ஒளிந்தோம்

போன ஆண்டு கார்த்திகையில், காரைக்குடியில் எங்கள் வீட்டில் நடந்தது. இன்று நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

பிளஸ் டூ படிக்கும் என் பேத்தி பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். சாப்பாடு பாதியானது. குளிக்கச் சொன்னால்கூட அழுகை. "காலையில எந்திரிக்கவே பிடிக்கலை ஐயா. எதுக்கு எந்திரிக்கணும்னு இருக்கு" என்றாள். மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்று அவளுடைய வகுப்பு ஆசிரியையும் என் மகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அதற்குள் வீட்டுக்கு ஆறு பேர் வந்து ஏழு யோசனை சொன்னார்கள். போனைப் பிடுங்கு, திருஷ்டி கழி, கல்யாணம் ஆனால் சரியாகும், இப்படி. இரண்டு யோசனை சொன்னவர் என் மைத்துனர்.

"பிள்ளையார்பட்டியில ஒரு அர்ச்சனை பண்ணுங்க அத்தான். மாத்திரை கீத்திரைன்னு போயிராதீக. நாளைக்குப் பொண்ணு கேட்டு யாரு வருவாக?"

இந்தப் பேச்சில் என் மகள் பயந்துபோனாள். மூன்று வாரம் வீணாயிற்று. நான் கத்திய பிறகுதான் ஒப்புக்கொண்டாள். அதுவும் உள்ளூரில் வேண்டாமாம். மதுரை என்றால் யாரும் பார்க்க மாட்டார்களாம். பக்கத்து வீட்டில் ஜவுளி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

மருத்துவமனைக் கூடத்தில் இரண்டு வரிசை நாற்காலி. எதைக் கண்டாலும் எண்ணும் என் வழக்கப்படி எண்ணிக்கொண்டே போனவன், பதினோராவதில் நின்றுவிட்டேன். தொப்பியும் முகக்கவசமுமாக என் மைத்துனர்! பக்கத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் பேரன்.

"சும்மா... பல்லைக் காட்ட வந்தோம் அத்தான்" என்றார். அவர் தலைக்கு மேலேயே 'மனநலப் பிரிவு' என்று பலகை தொங்கியது.

பேத்தி நேரே போய் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீயுமாடா?"

"அஞ்சாவது தடவைக்கா. டாக்டர் திட்ட மாட்டாக. நம்ம சொல்றதைக் கேப்பாக. இப்ப எனக்குத் தூக்கம் வருது."

ஐந்தாவது தடவை! எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டு அர்ச்சனை செய்யச் சொன்னபோதே, இந்த மனிதர் இங்கே வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார். தன் பேரனுக்கு மருத்துவர், என் பேத்திக்கு அர்ச்சனை.

"ஏன்யா, வழி தெரிஞ்சவரு எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கத்தினேன்.

"மெதுவா பேசுங்க அத்தான். அங்குட்டு நம்ம ஊர் ஆளுக ரெண்டு பேர் இருக்காக."

பேத்தி சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

மருத்துவர் அவளிடம் நெடுநேரம் தனியாகப் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க? உங்க ஊர்ப் பக்கத்துலயே அரசு மருத்துவமனையில பாக்குறாங்களே" என்றார். என் மகள் தலை குனிந்துகொண்டாள்.

இப்போது அங்கேதான் போகிறோம், பட்டப்பகலில், டவுன் பஸ்ஸில். "எங்குட்டு போறீக?" என்று கேட்பவர்களுக்குப் பேத்தியே பதில் சொல்கிறாள். மைத்துனரை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை; அந்த மூன்று வாரத்தில் ஒரு காலையில் அவள் எழுந்திருக்காமலே போயிருந்தால் என்ற நினைப்பு, அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் முன்னால் வந்து நிற்கிறது.