பொம்மையின் கண்ணில் தூசி

எனக்கு இந்தியில் ‘அச்சா’வைத் தாண்டி ஒரு சொல்லும் தெரியாது. அதை வைத்துக்கொண்டுதான் நான்கு வயது மகளுக்கு இந்திப் பொம்மை நிகழ்ச்சியை விளக்கிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காரைக்குடி வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்; அவளுடைய அத்தா, என் வீட்டுக்காரர், சவூதியில் இருந்தார். காலையில் நர்சரி, மத்தியானம் டிவி. சண்டை வந்தால் நிறுத்துவேன், பேய் வந்தால் நிறுத்துவேன், எந்த மருமகளாவது மூக்கைச் சிந்தத் தொடங்கினாலே நிறுத்திவிடுவேன். கடைசியில் மிஞ்சியது அந்தப் பொம்மைகள்தான். சிரிப்பு, கோபம் எல்லாம் அவற்றின் முகத்திலேயே தெரியும். பிள்ளை நாலையும் தெரிந்துகொள்ளட்டும் என்று நானே பார்த்துத் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சி.

ஒருநாள் குட்டிப் பொம்மை அழுதது. “ஏம்மா அழுகுது?” என்று கேட்டாள். பொம்மைக்குப் பின்னால் சுவரில் ஏதோ பெரிய நிழல் ஆடியது. அது பயந்து அழுகிறது என்று எனக்கே புரிந்தது. ஆனால் அவளுடைய அத்தா லீவு முடிந்து திரும்பிப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அழுகை என்ற பேச்சை எடுத்தால் நானும் அழுதுவிடுவேன்.

“அழுகல. கண்ணுல தூசி விழுந்திருச்சு” என்றேன். அதற்குப் பிறகு எந்தப் பொம்மை அழுதாலும் தூசிதான்.

ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. நர்சரியிலிருந்து வந்ததும் அவள், “கண்ணுல தூசிம்மா” என்றாள். முந்தானை நுனியைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றி, கண்ணில் ஒற்றினேன். மறுநாளும் தூசி. அதற்கு மறுநாளும் தூசி. இமையைப் புரட்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, கண் மட்டும் சிவந்திருந்தது. என் சின்னம்மாவுக்கு இப்படிச் சாதாரணமாக ஆரம்பித்துத்தான் ஒரு கண் போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, என் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, உலகம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பேன். அவளுடைய அத்தாவுக்குக் கடிதம் எழுதவும் பயமாக இருந்தது.

பத்தாவது நாள் கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். விளக்கடித்துப் பார்த்தார்.

“கண்ணுல ஒண்ணுமில்லம்மா.”

“நல்லாப் பாத்தீகளா டாக்டர்?”

அவர் என்னை விட்டுவிட்டு அவளிடம் குனிந்தார். “எப்பப் பாப்பா தூசி விழும்?”

“நர்சரி ஆயா ஒடஞ்ச பெஞ்சு போட்ட ரூமுல விட்டுக் கதவச் சாத்துறப்ப” என்றாள். “அழுதா ஆயா சாத்துவாக. நா அழல. தூசின்னுதான் சொன்னேன். அப்பயும் சாத்திட்டாக.”

அவளை அள்ளித் தூக்கிக்கொண்டேன்.

நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன், அன்றோடு அவளை நிறுத்தியும் விட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. கண்ணைப் பற்றி இருந்த பயம் இப்போது என்னைப் பற்றியதாகிவிட்டது. பத்து நாளாக அவள் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறேன். இன்னும் எதை எதையெல்லாம் இப்படித் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேனோ!

மறுநாள் மத்தியானம் டிவியைப் போட்டேன். பொம்மை ஒன்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு தேம்பியது. அவள் என் வாயைப் பார்த்தாள்.

“அது அழுகுதும்மா. பயம் வந்திருச்சு அதுக்கு” என்றேன்.

“பயம்னா?”

“நெஞ்சு திக்குத் திக்குன்னு அடிக்கும். கையெல்லாம் சில்லுன்னு ஆயிரும். யாராச்சும் வந்தாத் தேவலைன்னு இருக்கும்.”

என் கையைத் தொட்டுப் பார்த்தாள். “ஒனக்கும் வருமா?”

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது.

“வரும். இப்பக்கூட இருக்கு.”

அவள் எழுந்து போனாள். வெயிலுக்காக நான் சாத்தி வைத்திருந்த வாசல் கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து வைத்துவிட்டு, வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.