காற்றில் சிந்திய தண்ணீர்

மெல்பேர்னிலிருந்து நேற்று நாள் முழுக்கக் கார் ஓடி வந்து, இப்போது மணற்குன்றில் பாதி ஏறி நிற்கிறோம்: வழிகாட்டி கிளைவ், நான், மனைவி வசந்தி. மூவருக்கும் ஒரே தண்ணீர்ப் போத்தல்தான்.

கிளைவ் வாய் வைத்துக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டுகிறார். நான் பழக்கதோஷத்தில் அண்ணாந்து, உயர்த்திப் பிடித்து ஊற்றுகிறேன். காற்று தண்ணீரைத் தட்டிப் பறிக்கிறது. சட்டை நனைகிறது, மணல் குடிக்கிறது. கால் போத்தல்தான் மிச்சம்.

"வாய் வைச்சுக் குடிச்சிருக்கலாம்தானே," என்கிறாள் வசந்தி மெதுவாக.

கிளைவ் கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மூடியை இறுக்கித் தன் பையில் வைக்கிறார்.

"காருக்குத் திரும்பிப் போக எவ்வளவு நேரம்?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறேன்.

"வெளிச்சம் இருந்தால் இரண்டு மணித்தியாலம்."

உச்சியை அடையும்போது சூரியன் இறங்குகிறது. இதைப் பார்க்கத்தான் வந்தோம். மணல் செங்கல் நிறமாகிறது. கமராவில் பிலிம் இருக்கிறது, எடுக்க மனமில்லை. வசந்தியின் வெடித்த உதடுதான் கண்ணில் படுகிறது.

கிளைவ் போத்தலை அவளிடம் கொடுக்கிறார். பிறர் வாய் பட்ட எதையும் தொடாதவள், வாய் வைத்து ஒரு மிடறு குடித்துவிட்டு என்னிடம் நீட்டுகிறாள்.

"எனக்கு விடாய்க்கேல்லை. நீர் குடியும்," என்கிறேன்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, சொல் சரியாக வரவில்லை.