கண்ணாடிப் பெட்டியில் கமா அக்காவின் நோட்டு

கமா அக்காவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கீபோர்டு பேசும். அடுத்த கடையில் சாவி வெட்டுகிறவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே சொல்லிவிடுவார், இன்றைக்கு யாரோ அக்காவின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறார்கள் என்று.

மனு, வாடகை ஒப்பந்தம், ஆய்வேடு என்று எது வந்தாலும் டைப் அடித்துக் கொடுக்கிற கடை அது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வருகிறவர் உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டாவது ஆள் வந்தால் நிற்க வேண்டியதுதான். ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியமாக எழுதிக்கொண்டு வருவார்கள். அக்கா யாரையும் கேட்காமல் கமா வைப்பார். "நான் எழுதினதுல இது இல்லையே" என்று யாராவது இழுத்தால், "மூச்சு விட வேண்டாமா உங்களுக்கு" என்பார். அப்படி வந்து ஒட்டிக்கொண்ட பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

இருபது வருடங்களுக்கு முன்னால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் எழுத்தாளர் வந்து உட்கார்ந்தார். அப்போது அவர் எழுத்தாளர் இல்லை, மின்சார அலுவலகத்தில் குமாஸ்தா. பழைய ரசீதுத் தாள்களின் பின்பக்கத்தில் நானூறு பக்கம் எழுதி, சணல் கயிற்றால் கட்டி எடுத்து வந்திருந்தார். ஒரு ஆறு, அதில் ஏழு துறைகள், துறைக்கு ஒரு ராணி, ஆற்றுக்கு அடியில் உறங்கும் ஒரு பூதம். 'ஏழுதுறை' என்று தலைப்பு. சும்மா சொல்லக் கூடாது, மனிதர் தண்ணீரைப் பற்றி எழுதினால் படிக்கிறவருக்குக் கால் நனையும். அக்கா முதல் அத்தியாயத்திலேயே சொக்கிப்போனார். ஆனால் எழுதியதைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் மட்டும் அந்த மனிதரின் பரம்பரைக்கே கிடையாது.

நாற்பதாம் பக்கத்தில் ராணிக்கு இடது கண் தெரியாது. இருநூறாம் பக்கத்தில் வலது கண் தெரியாது. வெள்ளத்தில் செத்த ஒரு வீரன் அடுத்த அத்தியாயத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை சாப்பாடு கேட்கிறான். அக்கா போன் செய்தார்.

"சார், ராணிக்கு எந்தக் கண்ணு தெரியாது?"

"ஏதோ ஒண்ணு. நீயே பாத்துப் போட்டுக்கம்மா."

அன்றைக்குத்தான் அக்கா இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். யார் உயிரோடு இருக்கிறார், யாருக்கு யார் உறவு, எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு எத்தனை நாள் பயணம், வெள்ளம் வந்தால் எங்கே எத்தனை முறை மணி அடிப்பார்கள், எல்லாம் அதில் ஏறியது. பதினொரு வருடம், ஆறு பாகம். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில், நீயே பாத்துப் போட்டுக்கம்மா. அக்காவும் பார்த்துப் போட்டுக்கொண்டே வந்தார். ஆறாம் பாகம் முடிந்ததும் எழுத்தாளர் வந்து, "ரெண்டு நாள்ல தந்துடறேம்மா" என்று அந்த நோட்டை வாங்கிப் போனார். மூன்று தடவை கேட்டுப் பார்த்தார் அக்கா. மூன்றாவது தடவை, "வீடு மாத்தும்போது தொலைஞ்சுபோச்சும்மா" என்றார். அதோடு ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

அக்காவின் மகள் ஏழுதுறை ரசிகர் வட்டத்தில் இருக்கிறாள். சின்ன வயதில் கடையில் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு, அச்சாகி விழுந்த தாள்களைச் சூடு ஆறுவதற்குள் படித்தவள். வட்டத்தின் ஆண்டு விழாவில் இரண்டிரண்டு பேராகக் கேள்விப் போட்டி. கூட வர வேண்டிய தோழி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாள். "நீதானேம்மா டைப் அடிச்ச, சும்மா பக்கத்துல வந்து உக்காரு, போதும்" என்று கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனாள்.

நூலகத்தின் மாடியில் அரங்கம். வாசலிலேயே ஒரு இளைஞன் மறித்தான். மகளை விட்டுவிட்டான், அக்காவைப் பார்த்து மட்டும், "நீங்க நிஜமாவே படிச்சிருக்கீங்களா? முதல் துறைப் படகுக்கு என்ன நிறம்?" என்று கேட்டான். இந்த வட்டத்தில் அதுதான் வழக்கம். ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு மடக்காமல் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்கள். பதில் சொன்னால் 'படகேறியவர்', சொல்லாவிட்டால் 'கரையாள்'. அக்கா பதில் சொல்லவில்லை. அவன் சட்டையில் இருந்த வாசகத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் 'கரையாள்' என்று ஒரு ஸ்டிக்கரை அவர் தோளில் ஒட்டி உள்ளே அனுப்பினான்.

உள்ளே மேடையில் எழுத்தாளர் உட்கார்ந்திருந்தார். முடி வெளுத்துவிட்டது, சால்வை ஏறிவிட்டது. அவருக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் அக்காவின் நோட்டு.

நீல அட்டை, ஓரத்தில் அக்கா ஒட்டிய பழுப்பு டேப் அப்படியே இருந்தது. கீழே ஒரு அட்டையில், 'ஆசிரியர் தம் கைப்பட எழுதிய உலகக் குறிப்பேடு. அடுத்த மாதம் ஏழாம் பாகமாக வெளிவருகிறது' என்று எழுதியிருந்தது. அக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தொலைந்துபோன நோட்டு தொலையவில்லை, கை மாறியிருக்கிறது. அங்கே கீபோர்டு இல்லை. விரல்கள் தொடையில் தட்டத் தொடங்கின.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் மகள்.

"அது என் நோட்டு."

"அம்மா, இங்க வேணாம். அப்புறம் பேசலாம்."

போட்டி ஆரம்பித்தது. கேள்வி கேட்கிறவர் ஒரு பல் டாக்டர், வட்டத்தின் தலைவர். வாயில் பஞ்சை அடைத்துவிட்டுக் கேள்வி கேட்டுப் பழகியவர், யாருடைய பதிலுக்கும் அதிகம் காத்திருக்க மாட்டார். மகள் நான்கு கேள்விகளுக்குப் பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். ஐந்தாவது கேள்வி வந்தது. நாலாம் துறையில் வெள்ளம் வந்தால் மணி எத்தனை முறை ஒலிக்கும்?

மகள் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "அஞ்சு" என்றார்.

பல் டாக்டர் மேஜையில் இருந்த தப்பு மணியை அழுத்தினார். "புத்தகத்துல அஞ்சுன்னுதான் இருக்கு. ஆனா ஆசிரியரோட நோட்டுல மூணுன்னு இருக்கு. ஆசிரியர் கையால எழுதினதுதான் சத்தியம், புத்தகத்துல இருக்கறது அச்சுப்பிழை. சரியான பதில் மூணு."

அரங்கம் கை தட்டியது. நோட்டின் சில பக்கங்களைப் படம் எடுத்து வட்டத்தில் வெளியிட்டதிலிருந்து ஒரு வருடமாக இவர்கள் மும்மணிக் கட்சி, ஐம்மணிக் கட்சி என்று பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். அச்சுத் தாளையே படித்து வளர்ந்த மகளுக்கும் அது அம்மாவின் கையெழுத்து என்று தெரியவில்லை. ஆயிரம் பக்கத்தில் ஐந்து என்று அடித்துத் திருத்தி அச்சுக்கு அனுப்பியதை விட்டுவிட்டு, ஒரு மூலையில் கிறுக்கியதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கூட்டம்.

அக்கா எழுந்து நின்றார். "மூணுங்கறது தப்பு. அதைத் தப்பா எழுதினது நான்தான். அன்னிக்கு இவளுக்குப் பொன்னுக்கு வீங்கி. வீட்டுல உக்காந்து ஞாபகத்துல எழுதினேன். புத்தகத்துல சரி பண்ணிட்டேன், நோட்டுல பண்ணல. அது என் நோட்டு."

சிரிப்பு கிளம்பியது. பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். "உங்க நோட்டுன்னா சொல்லுங்க பார்ப்போம். பதினேழாம் பக்கத்துல முதல் வரி என்ன?"

"தெரியாது."

"எட்டாம் பக்கம்?"

"தெரியாது. மறந்துடுவேன்னுதானே எழுதி வெச்சேன். மனப்பாடம் பண்ணத் தெரிஞ்சா நோட்டு எதுக்கு?"

நியாயமான பதில். ஆனால் கேள்விப் போட்டியில் நியாயத்துக்கு மார்க் கிடையாது. பின் வரிசையில் ஒருவன் பதினேழாம் பக்கத்து முதல் வரியைக் கடகடவென்று ஒப்பித்தான், அதற்கும் கைதட்டல். தான் எழுதிய வரியை எவனோ ஒருவன் தனக்கே ஒப்பித்துக் காட்டிக் கைதட்டல் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதை விட ஒரு அவமானம் இருக்கிறதா? மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா உதறிவிட்டு மேடையைப் பார்த்தார்.

"சார், நீங்க சொல்லுங்க. அது யாரோட நோட்டு?"

எழுத்தாளர் அக்காவை அப்போதுதான் பார்க்கிறவர்போலக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு புன்னகைத்தார். ரசிகர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்தப் புன்னகையைக் காட்டியே அவர் இருபது வருடம் ஓட்டியிருக்கிறார். அவர்களும் அதை ஆழம் என்று எடுத்துக்கொண்டார்கள். "இந்தம்மாவை எனக்கு நல்லாத் தெரியும். என் புத்தகங்களை டைப் அடிச்சுக் குடுத்தவங்க. நல்ல உழைப்பாளி. எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க."

தட்டினார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அக்கா பொறுத்திருப்பார். பொய்யாவது சண்டைக்கு வருகிறது. இது, பதினொரு வருடத்தை ஒரு கைதட்டலில் சுருட்டிக் கையில் கொடுத்துப் போய் உட்காரச் சொன்னது. ஒன்பது வருடமாக அடக்கி வைத்திருந்தது மொத்தமும் அக்காவின் வாய்க்கு வந்துவிட்டது. ஆனால் குரல் உயரவில்லை.

"சந்தோஷம் சார். இங்க எல்லாரும் எல்லாரையும் கேள்வி கேக்கறாங்க. உங்களை நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாலாம் பாகத்து வெள்ளத்துல ஓடக்காரன் பொண்டாட்டி என்ன ஆனா?"

முன் வரிசையில் ஓடக்காரன் மனைவிபோலவே தலையில் ஈரத்துணி கட்டி, கையில் அட்டைத் துடுப்போடு நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். படகேறாதவர்களுக்கும் தெரிந்த பதில் அது. கரையாளுக்குத்தான் இப்படி ஒரு கேள்வி கேட்கத் தோன்றும் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

எழுத்தாளருக்கும் சுலபமாகத்தான் இருந்தது. மைக்கை அருகில் இழுத்துக்கொண்டார். "செத்துப்போனா. அந்த வெள்ளத்துல புருஷனோட சேர்ந்து அவளும் போயிட்டா. அந்த ரெண்டு சாவும் இல்லேன்னா கதையே இல்லம்மா."

ஒருவரும் கை தட்டவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. ரசீதுத் தாளில் அவர் எழுதியது அதுதான். அந்த வரியைக் கண்டதும் அக்கா போன் செய்தார். அவர் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தார், நீயே பாத்துப் போட்டுக்கம்மா என்று வைத்துவிட்டார். அக்கா அன்றைக்குக் கடையைப் பாதியில் மூடிக்கொண்டு, ஒன்றரைப் பக்கம் அடித்தார். ஓடக்காரன் மனைவி ஒரு மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தொங்கினாள், மூன்றாம் நாள் தானே கரையேறினாள். ஆறாம் பாகத்தில் 'யாரோ ஒரு வீரன்' கடைசி மதகைத் திறந்தபோது, அந்த யாரோவை எடுத்துவிட்டு அவளை அங்கே நிறுத்தியதும் அக்காதான். அச்சாகி வந்த புத்தகத்தை எழுத்தாளர் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். "சார், அவ சாகல சார். வேரைப் புடிச்சுக்கிட்டுத் தப்பிச்சுடுவா."

"கடைசி மதகைத் திறக்கறதே அவதானே சார்," என்றான் பதினேழாம் பக்கத்தை ஒப்பித்தவன்.

எழுத்தாளர் புன்னகைக்கத்தான் பார்த்தார். இந்த முறை யாரும் அதை ஆழம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. பல் டாக்டரின் கை பழக்கதோஷத்தில் தப்பு மணியை அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் யாருக்கு அழுத்தினோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் வெளிறிப்போய், தன் பையிலிருந்து முதல் பாகத்தை எடுத்தார். அதில் எழுத்தாளர் கையெழுத்தோடு நான்கு வரி வாழ்த்து எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் அதையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே கை இல்லை. பத்து வருடமாகத் தினமும் பார்த்த கையெழுத்து. ஒரு நாளும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

"அம்மா, வீட்டுக்கு வாங்க, உக்காந்து பேசிக்கலாம்," என்றார் எழுத்தாளர், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு.

"போன்ல பேசினதே போதும் சார். நோட்டைக் குடுங்க."

பல் டாக்டர் யாரையும் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். நோட்டை இரண்டு கையாலும் கொண்டுவந்து நீட்டினார். ஏதோ கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டார். அந்த மனிதரின் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அக்கா நோட்டை வாங்கிக் கைப்பையில் வைத்தார். மகள் அழுதுகொண்டிருந்தாள். இருவரும் வாசலை நெருங்கும்போது துடுப்பு வைத்திருந்த பெண்களில் ஒருத்தி பின்னாலேயே வந்தாள்.

"ஆன்ட்டி, அவரே கொன்னுட்டாரு. நீங்க ஏன் அவளைக் காப்பாத்தினீங்க?"

அக்கா நின்றார். தோளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்துக்கொண்டே பேசினார்.

"காப்பாத்தணும்னெல்லாம் நினைக்கல. நாலு பாகம் அவளைத் துணி துவைக்க வெச்சாரு, துடுப்புப் போட வெச்சாரு, புருஷனுக்குக் காய்ச்சல்னா அவளே ஓடம் ஓட்டினான்னு எழுதினாரு. கடைசியில 'அவளும் போனாள்'னு ரெண்டே வார்த்தை. எனக்குக் கோவம் வந்துச்சு. அவ்வளவுதான்."