சுவர் பார்த்து நின்றவள்

இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போங்கள். எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கதை கட்டத் தெரியாது. கேட் கட்டத் தெரியும், கிரில் கட்டத் தெரியும். நாற்பத்தோரு வருஷம் வெல்டிங் வேலை. தட்டிப் பார்த்துச் சத்தம் கேட்ட பிறகுதான் இரும்பையே இரும்பு என்று ஒத்துக்கொள்வேன். பேயை எப்படி ஒத்துக்கொள்வேன்?

பேய் ராத்திரியில்தான் வரும் என்பார்கள். அதுவும் பொய். நான் பார்த்தபோது வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை. மணி நாலு பதினொன்று.

முதலில் என் மகளைச் சொல்ல வேண்டும். ஒரே மகள். பாப்பா என்றுதான் கூப்பிடுவேன், முப்பத்திநாலு வயதிலும். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போதே தாய் போய்விட்டாள். பள்ளிக்கூடம் விட்டால் நேரே என் பட்டறைக்கு வந்துவிடுவாள். வேறு எங்கே போவாள்?

வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் அன்று முழுக்கக் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல இருக்கும். அதனால் எங்களுக்குள் ஒரு கட்டளை உண்டு. வெல்டிங் ராடை இரும்பில் வைக்கும் முன் “திரும்பிக்கோ” என்று கத்துவேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்வாள். நான் “ஆச்சு” என்று சொன்ன பிறகுதான் திரும்ப வேண்டும். ஒருமுறை நெருப்புத் துளி தெறித்து அவள் இடது குதிகாலில் விழுந்துவிட்டது. அழுதாள். ஆனால் திரும்பவில்லை. பட்டாணி அளவுக்குத் தழும்பு, கடைசிவரை போகவில்லை.

இன்னொரு நாள், பாதி வேலையில் ஒரு ஆள் கேட்டுக்கு அளவு எடுக்கக் கூப்பிட்டான். போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பாப்பா அதே சுவர் ஓரம், அதே மாதிரி கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

“ஏண்டி இன்னும் நிக்கிற?”

“நீங்க ஆச்சுன்னு சொல்லலையேப்பா.”

அப்படிப்பட்ட பிள்ளை.

படித்தாள், வெளிநாட்டில் வேலை கிடைத்தது, அங்கேயே கல்யாணம் ஆனது. போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு பெட்டி அனுப்பினாள். பிரித்துப் பார்த்தேன். முகத்தில் மாட்டுகிற சாதனம். பின்னால் பட்டை, முன்னால் கறுப்புக் கண்ணாடி.

போனில் கேட்டேன். “என்ன பாப்பா இது, குதிரைக்குக் கட்டற மாதிரி?”

“விஆர் ஹெட்செட்ப்பா. என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா ஒரே ரூம்ல எதிரும் புதிருமா உக்காந்த மாதிரி இருக்கும்.”

“அதான் போன்ல பாக்கறோமே. பத்தாதா?”

“போன்ல உங்க மூக்கு ஓட்டை மட்டும்தாம்ப்பா தெரியுது.”

“என்ன விலை?”

“அதெல்லாம் கம்மிதான், விடுங்க.”

கம்மியா! எதிர்க்கடை டிவிக்காரர் விலையைச் சொன்னதும் எனக்குத் தலை சுற்றியது. அந்த விலைக்கு நல்ல வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கலாம். அது பத்து வருஷம் சோறு போடும். இது என்ன போடும்?

“பணக்காரன் விளையாட்டுச் சாமான்ணே” என்றார் அவர். “நம்ம மாதிரி ஜனத்துல எவன் வாங்குவான்? என் கடைக்கு வந்து மாட்டிப் பாக்கறானுங்க, ஆ ஊன்னு கத்தறானுங்க, ‘நல்லாருக்கு’ன்னு சொல்லிட்டுப் பத்து ரூபா பேட்டரி வாங்கிட்டுப் போறானுங்க.”

“அதுல கேமரா இருக்காமே? என் வீட்டை எவனாவது பாத்துட்டா?”

“உங்க வீட்டைப் பாத்தா, பாவம்னு அவனே ஏதாவது அனுப்பி வைப்பான்.”

சிரித்தோம். எனக்கு இந்த மாதிரி சாமான்களில் நம்பிக்கை கிடையாது. கூலிக்காக நாற்பத்தோரு வருஷம் முகத்தை மூடியவன் நான். கிழவனான பிறகு ஆசைக்காக வேறு மூட வேண்டுமா? பெட்டியை அலமாரி மேல் வைத்தேன்.

பாப்பா விடவில்லை. “அப்பா, உங்க டைம் நாலு மணிக்கு நான் தினம் அந்த ரூம்ல உக்காந்திருப்பேன். ஒரே ஒரு தடவை வாங்கப்பா.” சரி சரி என்றேன். மறுநாள் கேட்டாள், கரண்ட் இல்லை என்றேன். அதற்கு மறுநாள் தலைவலி என்றேன். ஒருநாள் கேட்டே விட்டாள். “பொய் சொல்றீங்கதானே?” “ஆமா. மூஞ்சில பெட்டியைக் கட்டிக்கிட்டுப் பேச எனக்கு என்ன கிறுக்கா? லீவு போட்டுட்டு நேர்ல வா.”

“சரிப்பா” என்றாள். “நீங்க வர்றப்ப வாங்க. நான் இருப்பேன்.”

பத்தொன்பது நாள் உட்கார்ந்திருக்கிறாள்.

இருபதாம் நாள் காலை ஆறு நாற்பதுக்கு மாப்பிள்ளை போன் செய்தார். பாப்பா போய்விட்டாள். ரத்தத்தில் வியாதியாம். எட்டு மாதமாகவாம். அப்பாவுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். நேரில் வா என்றேனே... அவளால் மாடிப்படி இறங்கவே முடியாமல் இருந்திருக்கிறது. என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. என் மகளை மண்ணில் வைத்ததைப் போனில்தான் பார்த்தேன். கையகலப் படத்தில்.

முப்பத்திரண்டு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். டிவிக்காரர் வந்து சார்ஜ் போட்டுக் கொடுத்தார். அன்று கிண்டல் எதுவும் இல்லை.

“நீங்க ஒண்ணும் அமுக்க வேணாம்ணே. பாப்பாவே எல்லாம் செட் பண்ணித்தான் அனுப்பிருக்கு. மாட்டினா நேரா அந்த ரூம்தான்.”

சரியாக நாலு மணிக்கு மாட்டினேன்.

ஒரு அறை. மரத் தரை. இடது பக்கம் ஜன்னல். எதிரே சாம்பல் நிறச் சுவர், அதில் ஒரு கடிகாரம். நடுவில் இரண்டு நாற்காலி, எதிரும் புதிருமாக. ஒன்றில் நான். இன்னொன்று காலி. சத்தியமாகச் சொல்கிறேன், கையை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. அவள் சொன்னது பொய்யில்லை. இதில் அவள் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருந்த மாதிரிதான் இருந்திருக்கும். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து இருபது நிமிடம் அழுதேன். உள்ளே இருந்த பஞ்சு நனைந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை. நாலு மணி. அதே அறை. ஆனால் எதிர் நாற்காலி நகர்ந்திருந்தது. ஒரு முழம், சுவர் பக்கமாக. நான் வெல்டர். அரை விரற்கடை கோணல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. நாலு ஏழுக்கு ஒரு சத்தம் கேட்டது. டொக்... மரத் தரையில் குதிகால் படுகிற சத்தம். ஒரே ஒரு தடவை.

கழற்றிவிட்டு டிவிக்காரரிடம் சொன்னேன். “அது படம்ணே. படத்துல நாற்காலி நகருமா? நீங்க சரியாத் தூங்கலை” என்றார்.

புதன்கிழமை. நாலு மணி.

எதிர் நாற்காலியைக் காணோம்.

எங்கே என்று பார்த்தேன். சுவர் மூலையில் கிடந்தது. யாரோ எழுந்து ஒதுக்கி வைத்த மாதிரி.

ஜன்னலில் வெளிச்சம் குறைந்திருந்தது. முந்திய இரண்டு நாளும் அப்படி இல்லை.

நாலு ஐந்து.

நாலு எட்டு.

டொக்... டொக்...

எனக்குப் பின்னாலிருந்து வந்தது. என்னைத் தாண்டிப் போனது. ஆனால் யாரையும் காணோம். ஒரு காற்று மட்டும் என் வலது காதை உரசியது. வீட்டில் கதவு சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பதினொன்று.

கண்ணை இறக்கினேன்...

நின்றுகொண்டிருந்தாள்.

சுவரைப் பார்த்து.

முதுகு மட்டும் தெரிந்தது. ஒற்றைப் பின்னல். வெறுங்கால். இரண்டு முழங்கையும் பக்கவாட்டில் தூக்கியிருந்தன. முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள்.

இடது குதிகாலில்... பட்டாணி அளவுக்குத் தழும்பு.

“பாப்பா” என்றேன்.

அசையவில்லை.

“பாப்பா, அப்பா வந்துட்டேம்மா...”

அசையவில்லை. தோள் மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். வராத அப்பன்மேல் கோபம், முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

“தப்புதான்மா. இந்தப் பக்கம் பாரு.”

இல்லை.

எழுந்து ஒரு அடி வைத்தேன். அவள் மூச்சு கேட்டது.

என் காதோரம்.

பிடுங்கி எறிந்தேன்.

என் வீடு. வெயில். தெருவில் காய்கறி வண்டிக்காரன் சத்தம். என் சட்டை முழுக்க வியர்வை. மணி நாலு பதினாலு.

பயந்துவிட்டேன். ஒத்துக்கொள்கிறேன். பெற்ற மகளைப் பார்த்துப் பயந்தேன். பெட்டியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். இருபத்தாறு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் மனசு கேட்குமா? இருபத்தேழாம் நாள் இறக்கினேன். பேயோ பிசாசோ, என் பிள்ளைதானே, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்போம் என்று மாட்டினேன். அறை இல்லை. கறுப்பில் நாலு வரி இங்கிலீஷ் எழுத்து. டிவிக்காரர் மாட்டிப் படித்தார்.

“கம்பெனிக்காரன் இழுத்து மூடிட்டான்ணே.”

“எதை?”

“அந்த ரூம், எல்லா ரூமும்தான். எதிர்பார்த்த அளவு ஜனம் வாங்கலையாம். போன வெள்ளிக்கிழமையோட நிறுத்திட்டாங்க.”

“மறுபடி திறக்க மாட்டானா?”

“வாங்கறதுக்கு ஆள் இருந்தாத்தானே திறப்பான்?” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நாமளே சிரிச்சோமேண்ணே.”

இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை வந்தார். அவளுடைய துணிமணி, புத்தகம், கண்ணாடி எல்லாம் ஒரு பையில். சாயங்காலம் மூன்றரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அறை, நாற்காலி, பின்னல், குதிகால்.

அவர் முகம் வெளுத்துப்போனது.

“அவளோட ஹெட்செட்டை, அவ போன அன்னைக்கே நான் ஆஃப் பண்ணிப் பூட்டி வெச்சுட்டேன் மாமா. இப்ப வரைக்கும் தொடலை.”

“பின்ன நான் பாத்தது?”

“அது எனக்குத் தெரியலை. ஆனா கால் பாத்தேங்கறீங்களே... அந்த ரூம்ல யாருக்கும் கால் கிடையாது மாமா. எல்லாரும் பொம்மைதான், இடுப்புக்கு மேலதான் இருக்கும். கம்பெனி இன்னும் கால் செய்யவே இல்லை. ‘அப்பா வந்தா, எங்கடி உன் காலுன்னுதான் முதல்ல கேப்பாரு’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.”

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஒண்ணு கேக்கணும் மாமா. எனக்குப் புரியவே இல்லை. கடைசி நாள் அவ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. கண்ணை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டா. நர்ஸ் கூப்பிட்டாங்க, நான் கூப்பிட்டேன். திரும்பலை. ஏம்மான்னு கேட்டேன். ‘அப்பா இன்னும் ஆச்சுன்னு சொல்லலை’ன்னா. அதோட சரி. அப்படின்னா என்ன மாமா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று அந்த அறையில் அவள் அழவில்லை. கோபமும் இல்லை. எனக்காக நின்றிருக்கிறாள். ஒரு சொல்லுக்காக. நான் தப்பு, மன்னிப்பு என்று என்னென்னவோ உளறினேன், அந்த ஒரு சொல்லைத் தவிர.

பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தினம் நாலு மணிக்கு மாட்டிக்கொள்கிறேன். டிவிக்காரர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுகிறார். உள்ளே ஒன்றுமில்லை. ஒரே இருட்டு. நாலு பதினொன்று வரை காத்திருந்து சொல்கிறேன்.

“ஆச்சும்மா... ஆச்சு.”

இதுவரை ஒரு சத்தமும் வரவில்லை.