சுவர் காயக் கூடாது

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் டைரக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் மரியாதையாக, மீதிப் பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு. பிழைப்பு என்னவோ மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பதுதான். சினிமா ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

சிக்கனத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. லொகேஷன் குடியிருக்கும் வாடகை வீடு. கதாநாயகி மனைவி. குழந்தை நட்சத்திரம் ஏழு வயது மகள். செட் போடும் செலவைக்கூட மாடிக் குழாய் மிச்சப்படுத்திவிட்டது. அது கசிந்து கசிந்து முன்னறைச் சுவரில், படுத்த ஒட்டகம் மாதிரி ஓர் ஈரக்கறையை வரைந்திருந்தது. ஒழுகும் வீட்டில் வாழும் தாயும் மகளும்தான் கதை. அந்த ஒட்டகம் வராத காட்சியே இல்லை.

கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மகளுக்கு முன்பல் விழுந்தது. முந்தைய காட்சியில் பல், அடுத்த காட்சியில் ஓட்டை என்றால் படம் பார்ப்பவன் காறித் துப்புவான். பல் முளைக்கட்டும் என்று காத்திருந்தபோது வீட்டுக்காரர், பாவம், நல்லது செய்வதாக நினைத்துக் குழாயை மாற்றித் தொலைத்தார். சுவர் காயத் தொடங்கியது.

அன்றிலிருந்து, மனைவி வேலைக்குப் போயிருக்கும் மதிய வேளைகளில், லென்ஸ் துடைக்கும் ஸ்ப்ரே பாட்டிலோடு வீட்டுக்கு வந்துவிடுவார். ஒட்டகத்தைச் சுற்றிப் பென்சில் கோடு. கோட்டைத் தாண்டாமல் தண்ணீர். சுவரை ஒட்டினாற்போல் மகளின் கட்டில்.

மூன்றாவது மாதம் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"வீட்ல சுவர் எங்கயாவது ஈரமா இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆமா டாக்டர். குழாயை மாத்தியும் காயவே மாட்டேங்குது" என்றாள் மனைவி.

டைரக்டருக்குத் திடீரென்று எடை பார்க்கும் மெஷின் மேல் அக்கறை பிறந்தது.

"எப்படிம்மா காயும்? அப்பாதான் தினமும் தண்ணி தெளிக்கிறாரே" என்றாள் மகள், இரண்டு மூச்சுகளுக்கு நடுவில். "என் பல்லு முளைக்கிற வரைக்குந்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

மனைவி தெருவுக்கு வந்தபிறகுதான் வாய் திறந்தாள். "பல்லு வேணும், மூச்சு வேணாமா உங்களுக்கு?"

"ஒரே ஒரு சீன்தாம்மா..."

"அதுல நான் அழணும்ல? இதோ அழறேன், எடுத்துக்குங்க."

மகளைக் கூட்டிக்கொண்டு அப்படியே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் டைரக்டர் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, உளியும் சுத்தியலும் இரவல் வாங்கிவந்து ஒட்டகத்தின் முதுகில் முதல் அடியைப் போட்டார். பூச்சு பொத்பொத்தென்று விழுந்தது. கேமராவில் அவ்வளவு அழகாகத் தெரிந்த கறுப்பு முழுக்கப் பூஞ்சை. நாற்றத்தில் அவருக்கே இருமல் வந்தது.

போன் அடித்தது. மனைவி.

"பாப்பாவோட ஸ்கூல் பையை எடுத்து வைங்க, அக்கா வந்து வாங்கிக்குவா." உளியை அவர் கீழே போட்ட சத்தம் கேட்டிருக்க வேண்டும். "அங்க என்ன சத்தம்?"

"சுவரைக் கொத்துறேன்."

"கேமரா ஓடுதா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. "பென்சில் பாக்ஸும் அதுலயே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.