தள்ளுறதுக்கு லேசான வண்டி

மோட்டார் விற்கிறவனுக்கு வண்டியைப் பற்றித் தெரிந்தால் போதும், வாங்குகிறவரைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் நானும் அந்தத் தொழிலுக்குப் போனேன். பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன்னால், இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்திய வருஷங்களில், மதுரை வடக்கு வெளி வீதியில் ஒரு மோட்டார் கம்பெனியில் விற்பனையாளனாக இருந்தேன். எந்தச் சரக்கை விற்றுப் பிழைத்தவர்களானாலும் சரி, இதில் ஒன்றிரண்டையாவது நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ஹார்ன்

எங்களிடம் இருந்தவை இரண்டே தினுசு. ஒன்று பெரிய அமெரிக்க வண்டி. மேடு பள்ளத்துக்கு அஞ்சாது. பின் ஸீட்டில் ஆள் படுத்துக்கொண்டே போகலாம். மற்றது சின்ன இங்கிலீஷ் வண்டி. பெட்ரோல் கம்மி, கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் லேசாகத் திரும்பும். டாக்டர்களும் வக்கீல்களும் அதைத்தான் கேட்பார்கள்.

மேற்கேயிருந்து ஒரு பண்ணைக்காரர் வந்தார். ஒரு காலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் ஓடும் என்று சொல்ல ஆரம்பித்தேன்; காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வண்டியின் ஹார்னையும் மாற்றி மாற்றி அமுக்கச் சொல்லி, தெருக்கோடி வரை நடந்துபோய் நின்று கேட்டுவிட்டு வந்தார். பெரிய வண்டிதான் என்று முடிவாயிற்று. சின்னதில் என்ன குறை என்று கேட்டேன்.

"நான் வாரது ஊருக்குத் தெரியணும்ப்பா. தெரியாம வாரதுக்கு மாட்டுவண்டி இருக்குல்ல?"

கனம்

அடுத்த வருஷம் மாயாண்டி என்று ஒருவர் வந்தார். ரங்கூனில் மர டிப்போ ஒன்றில் பத்து வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். ரோடுகளுக்கு ஜல்லி கொட்டுகிற காண்டிராக்ட் எடுத்து, மதுரையிலேயே வில்லாபுரத்தில் குடியிருந்தார். அரைக்கைச் சட்டை, பளபளக்கிற பூட்ஸ். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். மூன்றாவது தடவை சொன்ன பிறகு நுனியில் உட்கார்ந்தார்.

"இதுல எது சார் கனம் கம்மி?" என்றார். சின்னதைக் காட்டினேன். "அதைத் தள்ள எத்தனை ஆள் வேணும்?" என்று அடுத்த கேள்வி. வழியில் நின்றுபோகுமோ என்ற பயம் போலிருக்கிறது என்று எண்ணி, எங்கள் வண்டி நடுவழியில் நிற்காது என்று கொஞ்சம் ரோஷத்தோடேயே சொன்னேன்.

"அது நிக்காதுன்னு தெரியும் சார். நான்தான் நிறுத்தணும்."

நீளம்

வண்டி அவருடைய அப்பாவுக்காக. ஊரில் கிணறு வெட்டும்போது கல் சரிந்து கிழவரின் இடுப்பில் விழுந்திருந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சீழ் எடுக்க வேண்டும். மாட்டுவண்டிக் குலுக்கலில் பாதி வழியிலேயே நினைவு தப்பிவிடுகிறது. மதுரைக்கே வந்து இருக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறார்.

எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய வண்டியின் பின்கதவைத் திறந்தேன். மாயாண்டி பூட்ஸைக் கழற்றிவிட்டு ஸீட்டில் தானே படுத்துப் பார்த்தார். கால் தாராளமாக நீண்டது. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு இறங்கி, பின்னால் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினார். வண்டி லேசாக அசைந்ததே தவிர உருளவில்லை. சின்னது ஒற்றை ஆளுக்கே உருண்டது. "இது போதும்" என்றார்.

"இதில் உங்கள் அப்பா எப்படிப் படுப்பார்?" என்றேன். அப்போதுதான் சொன்னார். சேரிக்குப் போக ஒரே ரோடு, அதுவும் மேலத்தெரு வழியாக. மற்றதெல்லாம் வரப்பு. அந்தத் தெருவில் சேரி ஆட்கள் எதிலும் உட்கார்ந்து போகக்கூடாது. சைக்கிளைக்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வண்டியை ஊர் எல்லையிலேயே விட்டுப் போனாலோ, திரும்பி வருவதற்குள் டயரும் கண்ணாடியும் மிஞ்சாதாம்.

"அந்த ரோட்டுக்கு ஜல்லி கொட்டுனதே நான்தான் சார். எம்புட்டுத் தூரம் தள்ளணும்னு எனக்குத் தெரியாதா?"

எல்லை

புது வண்டி வாங்கினவரோடு முதல் நாள் கூடப் போய்ப் பழக்கிவிடுவது எங்கள் வழக்கம். மாயாண்டியோடும் போனேன். ரங்கூனிலேயே கற்றிருந்தார்; நன்றாகவே ஓட்டினார். ஊர் எல்லையில் நிறுத்தி, பூட்ஸையும் சட்டையையும் கழற்றிப் பின் ஸீட்டில் வைத்தார். தள்ளுவதற்கு அவருடைய பங்காளிகள் இரண்டு பேர் அங்கே காத்திருந்தார்கள். மூவரும் வண்டிக்குப் பின்னால் போனார்கள். பிறகு அவருக்கு ஏதோ தோன்றி, முன்னால் வந்தார்.

"நீங்க உக்காந்து ஓட்டுங்க சார். உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. தள்ளுற பாடாச்சும் மிச்சம்."

யார் வண்டி?

ஓட்டினேன். நடை வேகம்தான். வண்டியின் சொந்தக்காரர் வெறும் மேலோடும் வெறுங்காலோடும் பின்னால் ஜல்லியில் நடந்து வந்தார். பூட்ஸ் ஸீட்டில் வந்தது. தெருவின் நடுவில் ஒரு மாடிவீட்டிலிருந்து கையைக் காட்டி நிறுத்தினார் ஒருவர். பார்த்தால், ஹார்ன் பார்த்து வாங்கிய நம் பண்ணைக்காரர். அவர் ஊரும் அதுதான் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

"யாரு வண்டிப்பா இது?" என்றார். பின்னால் காலடிச் சத்தம் நின்றுபோயிற்று. மைத்துனருக்கு ஒரு வண்டி வேண்டும் என்று அவர் எங்கள் முதலாளியிடம் சொல்லியிருந்தது அந்த நேரம் பார்த்து என் நினைவுக்கு வந்தது. "கம்பெனி வண்டிங்க" என்றேன். தலையாட்டி அனுப்பிவைத்தார்.

தெருவைத் தாண்டியதும் மாயாண்டி வந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"விடுங்க சார். இவன் யாரு மகன்னு அந்தத் தெருவுல கேட்டா, எங்கப்பனே எம் மகன்னு சொல்லாம பண்ணையாளுன்னுதான் சொல்லுவாரு."

மெத்தை

திரும்பும்போது காலி வண்டியை நான் ஓட்டிப் போக, கிழவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். எல்லை தாண்டியதும் வண்டிக்கு மாற்றினோம். சாய்த்துப் பார்த்தோம், ஒருக்களித்து வைத்துப் பார்த்தோம். எப்படி வைத்தாலும் இடுப்பு மடங்கியது. பெரியாஸ்பத்திரி வரும்வரை மகனின் தோளைக் கவ்விப் பிடித்திருந்தாரே தவிர, ஒரு தடவைகூட முனகவில்லை. இறக்கும்போது, "ரொம்ப வலிச்சுதா பெரியவரே?" என்று கேட்டேன்.

"இம்புட்டு மெத்தையில உக்காந்துக்கிட்டு வலிக்குதுன்னா சாமிக்கே அடுக்காது."

மாற்று வண்டி

ஏழெட்டு மாதம் கழித்து மாயாண்டி மறுபடி வந்தார். சின்னதை எடுத்துக்கொண்டு பெரியதைக் கொடுங்கள் என்றார். அப்பாவுக்குத் தேவலையா என்று விசாரித்தேன். ஆடியிலேயே போய்விட்டாராம். மூன்று தடவைதான் வண்டியில் வந்தார். மடங்கி உட்காருகிற வலிக்கு வீட்டில் கிடக்கிற வலியே மேல் என்று நாலாவது தடவை கட்டிலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

பெரிய வண்டியை அவர் படுத்துப் பார்க்கவில்லை, தள்ளிப் பார்க்கவும் இல்லை. சாவியைத்தான் கேட்டார். கனம் இரண்டு மடங்கு ஆயிற்றே என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"இருக்கட்டும் சார். இறங்கி நடக்க வேண்டிய ஊர்ல எனக்கு இனிமே யாரும் இல்ல."

ஒருவழியாக அவருக்குப் பொருத்தமான வண்டியைத் தலையில் கட்டிவிட்டேன் என்று முதலாளி அன்றைக்கு என்னை நாலு பேருக்கு முன்னால் மெச்சினார். மோட்டார் தொழிலில் ஒருவனுக்கு அதற்குமேல் பெயர் கிடைப்பதில்லை.