இடுப்பைப் பிடித்துத் தைத்தவர்

வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்வியபடியே தையல்காரர் தோளை அளக்கிறார். பேச்சும் ஊசிகளுக்கு நடுவிலேயே வருகிறது. "கையைத் தொங்க விடுங்க சார், போட்டோவுக்கா நிக்கறீங்க?"

கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. மனைவி சாப்பிடக் கூப்பிட்டால் வாயைச் சுட்டிக் காட்டுவார். ஊசி இருக்கிறதாம்! இந்தச் சாக்கு எட்டு மாதம் ஓடியது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிற்றைப் போட்டு முறுக்கும் வலியைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. சாப்பிடாவிட்டால் வலி இல்லை. எனவே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

உடம்பு இளைத்தது. வேறு யாராக இருந்தாலும் தொளதொளத்த பேன்ட்டே காட்டிக் கொடுத்திருக்கும். இவர் தையல்காரர் ஆயிற்றே! இளைக்க இளைக்கத் தன் பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்தார், சட்டையை ஒடுக்கினார். பதினான்கு கிலோ போனது கூடவே இருந்தவளுக்குத் தெரியவில்லை. "வரவர மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க" என்று வாடிக்கையாளர்கள் வேறு ஏற்றிவிட்டார்கள்.

ஒருநாள் இஸ்திரி போடும்போது மனைவி பேன்ட்டைப் புரட்டினாள். உள்ளே ஒன்றை ஒட்டி ஒன்றாக ஐந்து தையல் வரிகள்.

"என்னங்க இது? துணி பத்தாதுன்னு உடம்பையும் ஆல்டர் பண்ணிட்டீங்களா?"

பேன்ட்டும் கையுமாக அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் வயிற்றில் புண் இல்லை. டாக்டரம்மா அந்தத் தையல் வரிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பசிக்கலைன்னு சாப்பிடலையா?"

"பசி உயிர் போகுது டாக்டர். சாப்பிடத்தான் பயம்."

அந்தப் பதிலில் டாக்டரம்மாவுக்குப் பிடி கிடைத்தது. மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் நூலிழையாகச் சுருங்கியிருந்தது. சாப்பிட்டதும் குடலுக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும்; அது கிடைக்காமல்தான் வலி. இப்படியே விட்டால் குடல் அழுகி உயிருக்கே ஆபத்து என்றார். கை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அடைப்பை விரித்து, ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தக்குழாயைச் சுருக்கியதில் பங்கு இருந்த அவருடைய சிகரெட்டுக்கும் அன்றோடு முழுக்கு. "குட்டி ஸ்பிரிங்கு சார், பட்டன் ஓட்டையில நுழைஞ்சிடும்" என்று இப்போது வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறார்.

வீடு திரும்பிய அன்று மதியம், கால் வயிறு சாப்பிட்டுவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி தன் தட்டைத் தொடவே இல்லை. இருபது நிமிடம். முப்பது. நாற்பது.

"வலிக்குதா?"

"சும்மா இரு, கவனிச்சிட்டிருக்கேன்."

ஐம்பதாவது நிமிடம் அவர் கை மெல்ல நீண்டது. அவள் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.